டாலி போட்ட குட்டிகள்

“அப்பா, டாலி குட்டி போட்டிருக்குது. நான் ஸ்கூல்ல இருந்து வர்ற வரைக்கும் யாரும் கூண்டைத் தொடக் கூடாது, சரியா?”

வேனில் ஏறும்வரை ஜெனிபர் அதையேதான் சொன்னாள். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்த மோசஸ், கொட்டாவியோடு தலையாட்டி வைத்தான்.

டாலி, கும்மிடிப்பூண்டி பஜாரில் மகள் அடம்பிடித்து போன வாரம் வாங்கிய ஹாம்ஸ்டர். மோசஸின் மனைவி சுகிர்தாவுக்கு அது வெறும் வெள்ளெலி. “வயல்ல தொரத்திக்கினு இருந்தத ஊட்டுக்குள்ள வச்சி சோறு போடறோம்” என்று தினமும் ஒரு பாட்டம் புலம்பித் தீர்ப்பாள்.

படுக்கப் போன மோசஸின் கண்ணில் எறும்புச் சாரை பட்டது. நேராகக் கூண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே பஞ்சில், ரோஸ் நிறத்தில் குட்டிகள் நெளிந்தன. மனசு கேட்கவில்லை. இடம் மாற்றி வைக்கலாமென்று கூண்டைத் தூக்கினான். கை வழுக்கி, மேசைமேல் டமாலென்று விழுந்தது. எறும்பைத் துடைக்கத் துணி எடுத்து வந்து பார்த்தால், பஞ்சில் ஒரு குட்டிகூட இல்லை. டாலி மட்டும் கன்னம் இரண்டும் புடைக்க, மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

“சுகிர்தா! பெத்த குட்டிங்கள துன்னுட்ச்சி பாரு!”

“மெய்யாவா?”

“வயல்ல வளை வெட்டும்போது எங்கப்பா சொல்வாரு. குட்டி போட்ட எலியக் கலச்சா, அதுவே துன்னுடும்னு. பேரு ஹாம்ஸ்டர்னா மட்டும் புத்தி மாறிடுமா? எப்டி வாய ரொப்பிக்கினு கீது பாரு!”

“பாப்பா வந்து கேட்டா இன்னா சொல்றது?”

அதுதான் மோசஸையும் உலுக்கியது. தாயே தின்றுவிட்டது என்று அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? கதவு திறந்திருந்தது, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லிவிட்டால் கொஞ்சம் அழுது ஓய்ந்துவிடுவாள்.

டாலியை பக்கெட்டில் போட்டு எடுத்துப்போய், வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் கவிழ்த்தான். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பெருச்சாளி வளைக்குள் ஓடி மறைந்தது.

“த்தூ! நீயெல்லாம் ஒரு தாயா?” என்று துப்பிவிட்டு வந்தான்.

அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. கடைக்காரர் தணிகாசலத்துக்குப் போன் போட்டான்.

“இன்னாண்ணா, பெத்ததையே துன்ற ஜந்துவக் கொண்டாந்து புள்ளைக்கு வித்துகீற?”

“இரு நைனா, பேஜாரு பண்ணாத. கூண்டு கீண்டு ஆடிச்சா? கன்னம் உப்பிக்கினு இருந்திச்சா?”

“ஆமா. அதுக்கின்னா இப்போ?”

தணிகாசலம் சிரித்தார். “அட, அது துன்னல நைனா. அதுக்குக் கன்னமே பை மாதிரி. பயந்துச்சின்னா குட்டிங்கள அதுல மறச்சி வச்சிக்கும். ஒண்ணியும் பண்ணாம கொஞ்ச நேரம் அப்டியே வுடு. தானா ஒவ்வொண்ணா வெளிய எறக்கி வச்சி, பால் குடுக்க ஆரம்பிச்சிடும்.”