பாலிக்குப் போகும் வழி

பக்கத்து வீட்டு ராமநாதன் தம்பதி மொரீஷியஸ் கிளம்பிய அன்றே கோமதி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஏன்னா, நாமளும் பாலிக்குப் போறோம். இல்லேன்னா இந்தத் தெருவில தலைகாட்ட முடியாது.”

நீலகண்டன் மறுபேச்சில்லாமல் திட்டம் போட்டார். சாலைக் கடைத்தெருவில் பூப்போட்ட சட்டையும் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கினார். கரமனை அக்ரஹாரத்தில் பாலிச் செய்தி எட்டாத வீடு இல்லை.

சனிக்கிழமை காலை தெருவே வாசலில் நின்று கையசைத்தது. இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறினார்கள்.

டாக்ஸி பாலத்தடியில் நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையோடு நடந்து வந்து, தங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்கள்.

“அஞ்சு நாள் மூச்சு விடப்படாது, கேட்டியா?” என்று கிசுகிசுத்தார் நீலகண்டன். “மிக்ஸி வேண்டாம். குக்கர் விசிலடிச்சா மானம் போயிடும். நடுவில ஒத்தச் சுவர்தானே!”

“அவாதான் மொரீஷியஸ்ல இருக்காளே...”

கோமதி சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு குக்கர் நீளமாக விசிலடித்தது. பின்னாலேயே ராமநாதன் மனைவியின் குரல்:

“அப்பாடா! அவா பாலிக்குப் போயாச்சு. இனிமே தைரியமாச் சமைக்கலாம்.”