அசன அண்டா

புதிதாகப் பத்தடி உயர்ந்ததிலிருந்து வேதக்கோயில் கோபுரத்துக்குத் தலைகால் புரியவில்லை. சபையார் கூடி உண்ணும் அசன விருந்தன்று எதிர்த்திடலில் சபைக்கே சோறு பொங்கிக்கொண்டிருந்த அண்டாவைப் பார்த்து, "சபை எப்படி வளர்ந்திருக்கு பாரு! நீதான் அதே வயித்தோட கெடக்கே" என்றது.

அண்டாவுக்குச் சுருக்கென்றது. "வருஷா வருஷம் முதல் பந்தியில உட்காருவாளே, கருவாடு விக்கிற ரூத்தம்மா, அவளை எங்கே காணோம்?"

"இந்த உயரத்துல முகமெல்லாம் தெரியாது. புது கேட்டுக்கு வெளியே யாரையோ நிறுத்தி வச்சிருக்காங்க."

சோறு வெந்ததும் கம்பு கொடுத்து அண்டாவைத் தூக்கி வந்தார்கள். அது கேட்டு வாசலிலேயே கனத்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை பேர் தள்ளியும் அசையவில்லை.

"ஐயையோ, பந்தி தொடங்குமுன்ன கேட்டை மூடணுமே!" கோபுரம் பதறியது.

"முடிஞ்சா மூடிப் பாரு" என்ற அண்டா, தெருப்பக்கம் குரல் கொடுத்தது: "ரூத்தம்மா, இலையைப் போடு. முதல் பந்தி இங்கதான்!"