வெள்ளிக்குள் கப்பல் இல்லை

அந்தமானின் சாத்தம் ஜெட்டியில் மழை விட்ட வெயில் அடிக்கிறது. மரப்பெட்டிமேல் உட்கார்ந்து ரோசலின் புத்தகத்தின் ஈரப் பக்கங்களைப் பிரிக்கிறாள். கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் முதலில் படிக்கவேண்டிய புத்தகம் இது என்று மெட்ராஸ் பயிற்சி நிலையம் சொல்லியிருந்தது. அங்கே நுழைவுத் தேர்வு வெள்ளிக்கிழமை. புத்தகம் வந்த கப்பல் புயலில் தாமதித்து இன்றுதான் கரை சேர்ந்திருக்கிறது. பக்கத்து மரம் அறுக்கும் ஆலையின் தூள் பறந்து வந்து எழுத்துகள்மேல் ஒட்டுகிறது, அவள் ஊதிவிடுகிறாள். டிக்கெட் ஜன்னலிலிருந்து அப்பா அந்தோணிமுத்து திரும்பி வருகிறார். "வெள்ளிக்குள்ள மெயின்லேண்ட் போக ஜஹாஜ் இல்லையாம் மக்கா. அடுத்த வருஷம் எழுதலாம்லா?" "அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிருமேப்பா." அவர் அவளருகே உட்கார்ந்து புத்தகத்தைப் பார்க்கிறார். "கம்ப்யூட்டர்னா எப்படி இருக்கும் மக்கா?" "நானும் பார்த்ததில்லப்பா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பக்கத்தைப் பிரிக்கிறாள்.