அறுக்க வேண்டாத கல்

வில்லியனூர் டைல்ஸ் கடையில் போர்சலின் கல் மேல் வைத்த கையை அமிர்தம் எடுக்கவே இல்லை.

"இதுதாங்க்கா கெட்டி. தண்ணி இழுக்காது. உங்க வூட்டுக்காரரையே கேளுங்க," என்றார் கடைக்காரர்.

ஆதிமூலம் இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "செராமிக்கே போடுபா."

அமிர்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருவது வருசமா ஊரான் வூட்டுக்கெல்லாம் போர்சலின் ஒட்டுன. சொந்த வூட்டுக்கு மட்டும் இதுவா?"

"செராமிக்க கையால கீறி ஒடைச்சிடலாம். போர்சலினுக்கு மிஷின் போட்டு அறுக்கணும். ஒரே தூசி."

"தூசிய நான் பெருக்கிக்கிறேன்யா!"

அவர் அசையவில்லை. செராமிக்குக்கே பில் போட்டார்கள். அவள் பில்லை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் நடந்தாள்.

போன வாரம் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, நுரையீரல் முழுக்கக் கல்தூள், இனிமேல் குணமாகாது என்றதை வீட்டில் யாருக்கும் ஆதிமூலம் சொல்லவில்லை. இந்தத் தரையை ஒட்டப்போகிறவன் மகன்.

வீட்டு வாசலில் மகன் கலைவேந்தன் அவருடைய கட்டிங் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, உன் மேஸ்திரி என்னையும் சேத்துக்கினாரு. திங்கக்கெழமையிலேந்து வேலை. மூணு மாடி, முழுக்க போர்சலின்!"

ஆதிமூலம் அப்படியே படியில் உட்கார்ந்தார். "தண்ணி ஊத்தி அறுடா. தூசி பறக்காது."

"ஊத்துனா செவுரெல்லாம் சேறாவுதுன்னு அவரு கத்துவாருபா," என்று சிரித்தான் கலைவேந்தன். "நீ என்னிக்காவது ஊத்திருக்கியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.