கூப்பிட ஒரு பெயர்

மங்கை அந்த வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு "என்னங்க" போதும். மகளுக்கு மாமியாரின் பெயர். அதைச் சொல்லித் திட்டினால் மாமியாரையே திட்டியதாகிவிடும் என்பதால் மகள் வெறும் "பாப்பா"வாகவே வளர்ந்து கல்லூரிக்கும் போய்விட்டாள். புதிதாக வந்த ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு "ராணி" என்றார் கணவர்.

"எங்க பெரியத்தை பேருங்க அது. செருப்பைக் கடிச்சா எப்படித் திட்டுறது?"

"அப்ப லட்சுமி?"

"உங்க சித்திங்க."

"ரெண்டு குடும்பத்துலயும் இல்லாத பேருக்கு ஜெர்மனி, ஸ்வீடன்னுதான் போகணும்," என்று சிரித்தபடி பாப்பா கைபேசியைப் பார்த்துப் பெயர்களை வாசித்தாள். மங்கை ஒவ்வொன்றையும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்ட்ரிட் பல்லிலேயே நின்றுவிட்டது. ஃப்ரேயா ஊதியதுபோல் காற்றில் போனது. ஹெல்கா அடிவயிற்றிலிருந்து கிளம்பி, வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனது.

"இதுதான்."

"தெருவே சிரிக்கும். ராணியே இருக்கட்டும்," என்றார் கணவர். வழக்கமாக அவள் "சரிங்க" என்று சொல்லும் இடம் அது. அதற்குள் குட்டி கேட்டைத் தாண்டி ஓடியது. "ராணி, ராணி" என்று அவர் கை தட்டினார். அது நிற்கவில்லை.

மங்கை வாசலுக்கு ஓடினாள்.

"ஹெல்காஆ!"

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தியவள் எட்டிப் பார்த்தாள். இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கியபடி நின்றார். குட்டி திரும்பி ஓடிவந்து மங்கையின் காலடியில் உட்கார்ந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்.