எந்தத் தேதி?

“எந்தத் தேதி?” என்று வாயைத் திறந்து கேட்டேவிட்டாள் அஸ்மத் பீவி.

ஹெலனின் கழுத்து சிவந்தது. கன்னம் சிவந்தது. காது நுனிவரைக்கும் சிவப்பு ஏறியது.

பர் துபாயில் தம்பி சாதிக் பாட்ஷாவின் ஜவுளிக்கடை. அதன் பின்பக்கம் ஒரு தையல் மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, ஒரு திரை. கணவர் மவுத்தாகிப் போன பிறகு இந்த ஒன்பது வருஷமாக அஸ்மத் பீவியின் ராஜ்ஜியம் அவ்வளவுதான்.

புது கவுனுக்கு ஓரம் மடிக்க வந்திருந்தாள் ஹெலன். பிரிட்டிஷ்காரி, அப்படி ஒரு மரியாதைக்காரி. மடிக்கும்போது குண்டூசி அவள் கணுக்காலில் குத்திவிட்டது. குத்தியது அஸ்மத் பீவி. ‘ஸாரி’ சொன்னது ஹெலன். நல்ல கூத்து!

கூட வந்த டானாவுக்கும் ஹெலனுடைய ஆபீஸில்தான் வேலை, ஆனால் அமெரிக்காக்காரி. அவள் ரகமே வேறு. கடைக்குள் கால் வைத்ததுமே கட்டிக்கொள்வாள், ‘ஹனி’ என்பாள், ‘ஹவ் ஆர் யூ’ என்பாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் துணி புரட்டப் போய்விடுவாள்.

மடித்த ஓரம் ஹெலனுக்குப் பிடித்துப்போயிற்று. நீங்கள் ஒருநாள் கண்டிப்பாக எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வரவேண்டும் என்றாள்.

அஸ்மத் பீவிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. மகள் ஆமிரா மான்செஸ்டரில் இருக்கிறாள். அவர்கள் ஊரான காயல்பட்டினத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். மகளைப் பிரிந்து கிடப்பது அந்த ஊர் உம்மாமாருக்குப் பழக்கமே கிடையாது. இவள் ஆறு வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறாள். பேரனுக்கு ஐந்து வயது, ஃபோனில் பார்த்ததோடு சரி. அவன் உச்சந்தலையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டால் போதும் அவளுக்கு.

ஞாயிறு தவறாமல் ஆமிரா கூப்பிடுவாள். “உம்மா, நீங்க ஒரு தடவ கண்டிப்பா இங்க வரணும்” என்பாள். வாய் நிறையத்தான் சொல்வாள். விசாவுக்கு அவள் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அது மட்டும் இன்னும் வரவில்லை. பாவம், பிள்ளைக்கு வேலை மும்முரம்.

போகிற அன்றைக்கு அங்கே போய் அசடு வழியக் கூடாதே! ஆமிரா இப்போது பேச்சு, நடப்பு எல்லாவற்றிலும் அந்த ஊர்க்காரி. போவதற்கு முன்னால் ஓர் இங்கிலீஷ் வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொண்டால் நல்லது. செருப்பை எங்கே கழற்றுவது, கப்பை எப்படிப் பிடிப்பது, கையில் என்ன கொண்டுபோவது என்று தெரிய வேண்டாமா?

அதனால்தான் தேதி கேட்டாள்.

ஹெலன் திணறினாள். டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மூன்று ஸாரி சொன்னாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. கவுனைக் கழற்றி வைத்துவிட்டு, கார் சாவியோடு வெளியே போய்விட்டாள்.

டானா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அஸ்மத் பீவியின் தோளில் கைபோட்டு, உள்ளதை உடைத்துச் சொன்னாள். ஹனி, அவங்க ஊரில் அது அழைப்பே இல்லை. நன்றி சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்வது. நிஜமாகக் கூப்பிட்டால் தேதி வரும், மணி வரும். நாங்களாவது கட்டிப்பிடித்துவிட்டு மறுநிமிஷம் மறந்துபோவோம். அவங்க மறக்க மாட்டாங்க. நீ தேதி கேட்டுவிட்டாய் இல்லையா, இனி வெட்கத்தில் இந்தக் கடைப் பக்கமே வரமாட்டாள், கவுனை வாங்க ஆபீஸ் டிரைவர்தான் வருவான் பார்.

அஸ்மத் பீவியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். டானா இன்னொரு தடவை கட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.

மிஷினில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. ஆறு வருஷத்தில் ஆமிரா ஒரு தேதி சொன்னதில்லை. ஒரு மாதத்தின் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

சே, பெற்ற மகளைப் போய் அப்படி நினைக்கலாமா? தன்னையே திட்டிக்கொண்டாள். நூல் கோக்கப் பார்த்தாள். கண் மறைத்தது.

அன்றைக்கும் ஞாயிறுதான். சாயங்காலம் சொல்லிவைத்தாற்போல ஃபோன் வந்தது.

ஆமிரா ஆசையாகத்தான் பேசினாள். பேரனுக்கு முன்பல் ஆடுகிறது என்றாள். மீன்குழம்பில் மாங்காயை எப்போது போடுவது என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில், “உம்மா, நீங்க ஒரு தடவ கண்டிப்பா வரணும்” என்றாள்.

கேள்வி அஸ்மத் பீவியின் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. கேட்டால்தான் என்ன? வயிற்றில் சுமந்த பிள்ளை, வெள்ளைக்காரியா என்ன?

கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு ஃபோன் வராமல் போய்விட்டால்?

விழுங்கிக்கொண்டாள். “எனக்கு இருக்கிற முட்டுவலிக்கு அந்தக் குளிரெல்லாம் ஆகாது மவளே” என்றாள்.

“ஆமா உம்மா, இங்க தாங்க முடியாத குளிரு” என்று ஆமிரா மூச்சு விடாமல் ஒத்துக்கொண்டாள். குரலிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. அதே மூச்சில் திரும்பி, வெளியே விளையாடும் மகனை இங்கிலீஷில் அதட்டினாள்: வெயில் கொளுத்துது, தொப்பியப் போடு, தண்ணி குடி!

அந்த அளவு இங்கிலீஷ் அஸ்மத் பீவிக்கும் தெரியும்.

“ராத்திரி நல்லாப் போத்திக்கிட்டுப் படு மவளே” என்றாள்.