கொன்னை வெள்ளையன்

ஓடைக்கரைத் தடத்தில் முஜீப் மறுபடியும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். கேமராவுக்கு முன்னால் ஒரு கொன்னை வெள்ளையன்.

கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில்கூடப் பறக்கிற வண்ணத்துப்பூச்சி அது. அதைப் பார்க்க யாரும் காட்டுக்கு வர வேண்டியதில்லை.

வண்ணத்துப்பூச்சி சங்கத்தார் அன்று சிறுவாணி அடிவாரத்துக்கு வந்தது மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனைப் பார்க்க. மழை விட்டதும் ஓடை மேட்டு ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். புதிதாகச் சேர்ந்த லாஸ்யாவும் யஷ்வந்தும் இதற்காகவே ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

சங்கத் தலைவர் வெங்கடபதி. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காட்டுக்குள் தலைவர்தான் கடைசியாக நடக்க வேண்டும், யாரையும் பின்னால் விடக்கூடாது என்பது அவரே போட்ட விதி. அதனால் முஜீப் நின்றால் அவரும் நிற்க வேண்டியிருந்தது.

"தம்பி, போதும். எந்திரிங்க."

"ஒரு நிமிசம் சார். லைட் சரியில்ல."

காலையிலிருந்து இதே கதைதான். மேடு வந்தால் போதும், முஜீப்புக்கு ஏதாவது ஒரு பூச்சி கிடைத்துவிடும். பூச்சியே இல்லாத இடத்தில் கொன்றை இலையைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடியில் முட்டை இருக்கிறதா என்று தேடினான். முன்னால் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார்கள். இந்த ஆளை ஏன் கூட்டி வந்தார்கள் என்று யஷ்வந்த், முஜீப்பின் காதில் விழும்படியே முணுமுணுத்தான்.

ஒருவழியாக ஓடை மேட்டுக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. மணலில் ஒரு தமிழ் மறவனும் இல்லை.

லாஸ்யா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூட வந்த வனத்துறை வாட்சர் சென்னியப்பன் கையை உயர்த்தினார். கீழே, அவர்கள் வந்த வழியில், மூங்கில் முறிந்தது.

"யானைங்க. சத்தமில்லாம மேல ரோட்டுக்கு ஏறுங்க. ஓட வேண்டாம். எங்கயும் நிக்கவும் வேண்டாம்."

எல்லோரும் ஏறினார்கள். செங்குத்தான ஒற்றையடித் தடம். கடைசியில் வெங்கடபதி. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்கு முன்னால் முஜீப் அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி ஏறினான்.

பாதி மேட்டில் அவன் தடத்துக்குக் குறுக்கே உட்கார்ந்து கேமராவை எடுத்தான்.

வெங்கடபதிக்கு நம்ப முடியவில்லை. அவனைத் தாண்டிப் போக இடமும் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உக்காருங்க சார். உங்க நிழல் விழுது" என்றான் முஜீப், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திட்ட நினைத்தார். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

கீழே ஒரு சாம்பல் முதுகு ஓடையை மெதுவாகக் கடந்தது. நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. மேலே ரோட்டில் லாஸ்யா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சென்னியப்பன் அசையாமல் நின்றார்.

யானை மூங்கிலுக்குள் போய்விட்டது.

இருவரும் ரோட்டுக்கு ஏறி வந்தபோது யாரும் முஜீப்பின் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவரோடு இனிமேல் தான் வர முடியாது என்று லாஸ்யா நடுங்கிக்கொண்டே சொன்னாள். சென்னியப்பனும் தலையாட்டினார். வெங்கடபதி எல்லோர் முன்னாலும் அவனைக் கூப்பிட்டார்.

"ஒரு போட்டோவுக்காக உசிரோட வெளையாடறீங்க. இனி நீங்க சங்கத்துக்கு வர வேண்டாமுங்க."

முஜீப் கேமராவைப் பையில் வைத்தான்.

"சரிங்க சார்."

வேனில் அவன் ஏறவில்லை. வெங்கடபதி ஏறி, சீட்டில் சாய்ந்து உட்காரும் வரை நின்று பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

போத்தனூர் வீட்டுக்கு வந்தும் வெங்கடபதிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நடந்ததையெல்லாம் மனைவி ரங்கநாயகியிடம் கொட்டினார். கேட்கக் கேட்க அந்த அம்மாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அவரைப் போய் அனுப்பிப்போட்டீங்களா?" என்றார் மெதுவாக. "நான்தானுங்க அப்படிச் செய்யச் சொன்னேன்."

ஆடி மாதம் வெங்கடபதியின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மேடு ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கத்தில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று மனைவியிடம் சத்தியமும் வாங்கியிருந்தார். பயம் தாங்காமல் ரங்கநாயகி கோட்டைமேட்டில் முஜீப் வைத்திருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய், அவனிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார்.

"அவருக்கு மூச்சு வாங்கறப்பவெல்லாம் ஏதாச்சும் சாக்குச் சொல்லி உக்கார வெச்சுப்போடுங்க தம்பின்னு கேட்டேனுங்க."

வெங்கடபதியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"அத்தனை பேரு முன்னால திட்டுனேன். அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா, இனி வர வேண்டாம்னு அவங்க உங்களைத்தானுங்களே சொல்லியிருப்பாங்க."